அழைப்பே வராத தெருக்கள்: ஒரு கட்டுப்பாட்டு அறை அனுபவம்

எங்கள் வெள்ளக் கட்டுப்பாட்டு அறைக்கு யார் வந்தாலும் முதலில் போட்டோ எடுப்பது சுவர் நிறைய இருக்கும் திரையைத்தான். சுரங்கப்பாதை கேமராக்கள், மழைமானிகள், தண்ணீர் இறைக்கும் எந்த மோட்டார் எங்கே ஓடுகிறது என்ற வரைபடம் எல்லாம் அதில் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்ட ராத்திரியில் எங்கள் கை போவது மேஜை மேல் லேமினேட் செய்து வைத்திருக்கும் சில தாள்களுக்குத்தான். எந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறினால், எந்தத் தெருவுக்கு, எவ்வளவு நேரத்தில் வரும், அப்போது யாரைக் கூப்பிட வேண்டும் என்று நான்கு கட்டம் போட்ட ஒரு அட்டவணை. அவ்வளவுதான்.

நான் சென்னைப் புறநகரில், அடையாற்றுப் படுகையில் இருக்கும் ஒரு உள்ளாட்சியில் ஒப்பந்த ஊழியர். வேலைப் பெயர் ஜி.ஐ.எஸ். உதவியாளர், அதாவது கணினியில் வரைபடம் போடுபவர். வெயில் காலத்தில் சொத்துவரி வரைபடம், மழைக்காலத்தில் கட்டுப்பாட்டு அறை. ஊர்ப் பெயர் வேண்டாம். கருவி வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது, டெண்டர் போட்டால் வந்துவிடும். அந்தக் கருவி ஒரு எண்ணைக் காட்டும்போது யார் நாற்காலியை விட்டு எழுந்து எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் பாதி ஊர்களில் நடப்பதில்லை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

2015-ஐத் தொடாமல் இதைப் பேச முடியாது. டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய மழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் தன்னார்வலர்கள் சிலர் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் மேல் ஒரு பக்கம் உருவாக்கினார்கள். உங்கள் தெருவைத் தொட்டால் அது தண்ணீரில் இருப்பதாகப் பதிவாகும். ஏரியின் மட்டம் அன்றைக்கும் அதிகாரிகளுக்குத் தெரியும். எந்த மட்டத்துக்கு எந்தத் தெரு முழுகும் என்ற கணக்குதான் யாரிடமும் இல்லை. அதை மக்களே தொட்டுத் தொட்டு நிரப்பினார்கள். என்னை இந்த வேலைக்கு இழுத்தது அந்த வரைபடம்தான்.

அதற்கப்புறம் கருவிகள் நிறைய வந்துவிட்டன. மழை எச்சரிக்கைக்கு மாநில அரசின் டிஎன்ஸ்மார்ட், பிறகு 2024-இல் டிஎன்-அலர்ட் செயலி. செல்போன் கோபுரம் வழியாக எல்லா போன்களும் ஒரே நேரத்தில் அலறும் எச்சரிக்கையை 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் சோதித்துப் பார்த்தார்கள், பலருக்கு நினைவிருக்கும். இவ்வளவு இருந்தும் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது. எண் வருகிறது, சரி. அது என் தெருவுக்கு என்ன சொல்கிறது?

செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மட்டம் 22 அடியை நெருங்கினால் டிவியில் ஓட ஆரம்பிக்கும்: சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை என்று வருடா வருடம் அதே வரிசை. தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களும் இதைப் பார்த்துத்தான் மூட்டை கட்டுவார்கள். உண்மையில் செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. ஆற்றின் போக்கில் பார்த்தால் அது இவர்களைத் தாண்டிய இடம். இவர்கள் வாசலுக்கு வருவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலங்கல் வழியாக ஓடிவரும் தண்ணீர். அந்த ஏரிகளின் மட்டம் டிவியில் வராது. பார்க்க வேண்டியது ஒரு இடம், எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பது வேறு இடம். உங்கள் பகுதிக்கு எந்த ஏரி, எந்தக் கால்வாய், எந்தக் கலங்கல் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திரையில் எத்தனை மீட்டர் முள் ஆடினாலும் அதைத் தெரியாமல் பயனில்லை.

எங்கள் அட்டவணையை ஏப்ரல், மே மாதங்களில்தான் தயார் செய்தோம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்து முதலில் ஒரு வரைபடம் போட்டோம். நிறம் நிறமாக அழகாக வந்தது. ஆனால் அந்தத் தரவில் சில மீட்டர் வரை பிழை இருக்கலாம். எங்கள் ஊர் போன்ற சமதரையில் ஒரு தெரு முழுகுவதையும் அடுத்த தெரு தப்புவதையும் ஒரு அடி உயரம்தான் தீர்மானிக்கிறது. அதனால் அதை மூடி வைத்துவிட்டு வீடு வீடாகப் போனோம். "2015-ல எதுவரைக்கும்மா வந்துச்சு?" என்று கேட்டால் போதும். சிலர் கேட்டுக்கு வெளியே வந்து மதில் சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். சிலர் ஜன்னல் கம்பியை எண்ணிச் சொல்வார்கள். ஈ.பி. மீட்டர் பெட்டியில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும் வீடுகளும் உண்டு. சர்வேயர் ஒருவர் ஆட்டோ லெவல் கருவியோடு பின்னாலேயே வந்து ஒவ்வொரு கோட்டையும் பாலத்தின் தூணோடு இணைத்து உயரம் குறித்தார். வெயிலில் மண்டை காய்ந்துவிடும் வேலை. ஆனால் அதன் பிறகுதான் 'பாலத்தில் இந்தக் கோடு தொட்டால் அந்தத் தெருவின் கடைசி வீட்டு வாசல் நனையும்' என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது.

பாலத்தில் தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. மேலிருந்து ஒலி அலையை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து மட்டத்தைக் கணக்கிடும் வகை. அடியில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் அது இலைகளைத் தண்ணீர் என்று நினைத்து மட்டம் ஏறியதாகக் காட்டும். சிலந்தி வலை பின்னினாலும் இதே கதை. ஒரு வருடம் மழைக்கு முன்னால் சோதித்துப் பார்த்தபோது தகவலே வரவில்லை. ஒப்பந்தக்காரர் வந்து பிரித்துப் பார்த்தார். சென்சாரில் பழுது எதுவும் இல்லை, உள்ளே இருந்த சிம் கார்டுக்கு ரீசார்ஜ் முடிந்திருந்தது. ரீசார்ஜ் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. அதிலிருந்து செப்டம்பர் பட்டியலில் சிம், பேட்டரி, இலை மூன்றும் தனித்தனி வரிகளாக, தனித்தனி ஆள் பெயரோடு இருக்கின்றன. பாலத் தூணில் பெரிய எண்களோடு அளவுகோலும் பெயின்ட் அடித்து, அதைப் பார்த்தபடி ஒரு கேமராவும் விளக்கும் வைத்தோம். கேமரா போனாலும் டார்ச் அடித்து ஒருவர் படித்துச் சொல்லலாம். செலவு சென்சாரில் ஒரு சிறு பங்குதான்.

இனி மிக்ஜாம். 2023 டிசம்பர் 3 இரவிலிருந்து 4-ஆம் தேதி முழுக்கப் புயல் கரையோரமாகவே நகர்ந்தது. ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது 5-ஆம் தேதி. 4-ஆம் தேதி இரவு வரை சென்னை நனைந்தது. நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த இரண்டு நாளில் வந்ததுதான்.

அழைப்புகள் வர வர வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். மதியத்துக்குள் ஒரு பெரிய அடுக்குமாடிப் பகுதி சிவப்பாகிவிட்டது. மேலே இருந்து வந்த உத்தரவும் அதைப் பார்த்துத்தான் வந்தது: படகை அங்கே அனுப்புங்கள். எங்கள் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சார் மட்டும் வேறொரு இடத்தைக் காட்டிக்கொண்டே இருந்தார். கால்வாயை ஒட்டிய தாழ்வான நகர். காலையில் அங்கிருந்து தொடர்ந்து அழைப்பு வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. "சத்தமே இல்லையேம்மா, அதான் பயமா இருக்கு" என்றார்.

அவர் பயந்தது சரிதான். பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். போனில் சார்ஜ் தீர்ந்தது. செல்போன் கோபுரத்துக்கு பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழியில்லை. அடுக்குமாடியில் ஜெனரேட்டர் இருந்தது, அதனால் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அங்கே லிஃப்டும் பார்க்கிங்கும்தான் தண்ணீரில், ஆட்கள் மேலே பத்திரம். தாழ்வான நகரில் மாடியில்லாத வீட்டுக்காரர்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒண்டியிருந்தார்கள், இன்சுலின் தீர்ந்துபோன ஒரு பெரியவர் உட்பட. வரைபடம் காட்டியது யாரிடம் சார்ஜ் இருக்கிறது என்பதைத்தான். நாங்கள் அதை யாருக்கு ஆபத்து என்று படித்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் கணக்கை இப்போது மாற்றிவிட்டோம். தாழ்வான தெருக்களின் பட்டியலில் உள்ள ஒரு தெருவிலிருந்து அழைப்பு வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றால், அது பட்டியலில் மேலே ஏறும். கூடவே மின்வாரிய ஏ.இ.யிடமிருந்து எந்த ஃபீடர் (தெருக்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்) எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது என்று வாங்கிக்கொள்கிறோம். எந்த ஃபீடர் எந்தத் தெருவுக்கு என்று முன்பே வரைபடத்தில் ஏற்றியிருப்பதால், இன்னும் சில மணி நேரத்தில் எங்கெல்லாம் போன்கள் அடங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அடங்குவதற்கு முன்னால் நாங்களே அந்தத் தெருவில் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். இதற்குப் புது மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. இரண்டு அலுவலகங்களிடம் தனித்தனியாக இருந்த பட்டியல்களை ஒன்றாகப் போட்டோம், அவ்வளவுதான். அந்த இரண்டு அலுவலகங்களையும் ஒரு மேஜையில் உட்கார வைப்பதற்குத்தான் ஒரு வெயில் காலம் ஓடிவிட்டது என்பது தனிக்கதை.

அழைப்பு எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும் மாற்றினோம். பெயர், முகவரிக்கு அடுத்தபடி எந்த மாடி, எத்தனை பேர், படுத்த படுக்கையாக யாராவது இருக்கிறார்களா, போனில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது. பிறகு, "நாங்க ஆறு மணிக்குக் கூப்பிடுறோம், அதுவரைக்கும் ஆஃப் பண்ணி வைங்க" என்று சொல்வோம். சொன்ன மணிக்குக் கூப்பிட்டே ஆக வேண்டும். ஒரு தடவை தவறினாலும் அடுத்த முறை யாரும் போனை அணைக்க மாட்டார்கள்.

முகவரி பெரிய தலைவலி. புறநகரில் மனை போட்டு விற்ற ஒவ்வொரு நகரிலும் ஒரு காந்தி தெரு, ஒரு பாரதியார் தெரு, ஐந்தாறு குறுக்குத் தெரு. பழைய எண், புதிய எண் வேறு. கூகுள் மேப் லொகேஷன் அனுப்புங்கள் என்றால் டேட்டா வேலை செய்யாது. கடைசியில் கைகொடுத்தது தெருவிளக்குக் கம்பத்தின் எண். விளக்கு எரியவில்லை என்று புகார் கொடுப்பதற்காக முன்பே எல்லாக் கம்பத்துக்கும் எண் எழுதி, இடமும் பதிவு செய்திருந்தார்கள். அதே எண்ணைத் தலைக்கு மேலே தெரிகிற உயரத்தில், டார்ச் பட்டால் மின்னும் பெயின்டில் திரும்ப எழுதச் சொன்னோம். வெளியூரிலிருந்து வரும் தீயணைப்பு வீரருக்கோ மீனவருக்கோ எங்கள் ஊர்த் தெருப் பெயர் தெரியாது, கம்ப எண்ணைப் படகிலிருந்தே படித்துக்கொண்டு போவார்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2018 கேரள வெள்ளத்தில் 'கேரளா ரெஸ்க்யூ' என்ற இணையதளம் பெரிய உதவி செய்தது. ஒரே கோரிக்கை பலர் வழியாகத் திரும்பத் திரும்பப் பதிவாகும் சிக்கலும் அங்கே இருந்தது. எங்களுக்கும் அதுவே. மீட்கப்பட்டு உறவினர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கர்ப்பிணிக்காக மறுநாள் வரை செய்தி சுற்றியது. எந்த ஃபார்வர்டு வந்தாலும் அதில் இருக்கும் எண்ணை ஒருமுறை கூப்பிடாமல் படகு கிளம்பாது என்று விதி வைத்தோம். நீங்கள் ஃபார்வர்டு செய்பவர் என்றால் தேதியும் மணியும் சேர்த்து அனுப்புங்கள். மீட்டுவிட்டால் அதையும் அனுப்புங்கள். இதற்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை என்பது வேறு விஷயம்.

படுக்கையில் இருப்பவர்கள் யார் என்பது உள்ளாட்சிக்கு ஏற்கனவே தெரியும், தெரியாததுபோல் நடந்துகொள்கிறோம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே போய் மாத்திரை கொடுக்கிறார்கள், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான திரவப் பை கொடுக்கிறார்கள். கர்ப்பிணிகள் பட்டியல் செவிலியரிடம் இருக்கிறது. ஆனால் அது நோயாளிகளின் அந்தரங்கத் தகவல், கட்டுப்பாட்டு அறையில் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படக்கூடாது. அதனால் எங்கள் வரைபடத்தில் தெருவும் எண்ணிக்கையும் மட்டும்தான். பெயரும் போன் எண்ணும் செவிலியரிடம். மழை எச்சரிக்கை வந்தால் அவரே கூப்பிட்டுப் பேசி, முன்கூட்டியே இடம் மாற்ற வேண்டியவர்களை எங்களிடம் சொல்வார். இந்த ஏற்பாட்டுக்கு யாரும் போட்டோ எடுக்க வந்ததில்லை.

எச்சரிக்கை கொடுப்பதில் எனக்குப் பிடித்த உதாரணம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் நல்லவாடு. 2004 சுனாமியன்று சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தி பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த கிராம அறிவு மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. கதவை உடைத்து உள்ளே போய் அதில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள். கடல் அலை எவ்வளவு உயரம் என்று தினமும் அந்த ஒலிபெருக்கியில் மீனவர்கள் கேட்டுப் பழகியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழகிய குரல் சொன்னதால் ஓடினார்கள். அதனால்தான் எங்கள் ஆட்டோ மைக்கில் பதிவு செய்த குரல் ஓடுவதில்லை. அந்தந்த வார்டின் தூய்மைப் பணி மேற்பார்வையாளரே பேசுகிறார். 'கனமழைக்கு வாய்ப்பு' என்று மாவட்டத்துக்கே ஒரு குறுஞ்செய்தி போனால் யாரும் அசைவதில்லை. "மூணாவது தெருக்காரங்க, பாலத்துல கோடு தொட்டுருச்சு, வண்டிய மேட்டுல நிறுத்துங்க" என்றால் அசைகிறார்கள்.

எச்சரிக்கை பொய்த்துப்போவதும் உண்டு. 2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்து, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தி, பள்ளிகளுக்கு லீவும் விட்டார்கள். தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே ஒதுங்கிப் போனது, 16-ஆம் தேதி எதிர்பார்த்த மழை வரவில்லை. மறுநாள் கேலிதான். நாங்கள் அன்றைக்கே வார்டு குழுக்களில் ஒரு செய்தி போட்டோம்: எந்த மட்டம் வரை எதிர்பார்த்தோம், எவ்வளவு வந்தது, மோட்டார்களை ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று நாலு வரி. அடுத்த மாதம் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தபோது அந்த நாலு வரியைப் படித்தவர்கள் கேலி செய்யவில்லை. ஃபெஞ்சல் மெதுவாக நகர்ந்து எங்களை விட விழுப்புரம் பக்கத்தைத்தான் பதம் பார்த்தது. மயிலத்தில் 51 செ.மீ. மழை. பிறகு சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி.

ஒரு அளவுக்கு மேல் எந்த அட்டவணையும் நிற்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். அந்த அளவு மழைக்கு மழைநீர் வடிகால் கட்டவும் முடியாது, செல்போனை நம்பவும் முடியாது. எங்கள் அலுவலகத்திலிருந்து நிவாரணப் பணிக்குப் போய்த் திரும்பியவர்கள் கேட்டது ஒன்றுதான்: வார்டுக்கு ஒரு வாக்கி டாக்கி. கேட்டது கிடைத்தது. வாரம் ஒருமுறை அதில் பேசிப் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் ஆளைத் துரத்த வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் பக்கம். சென்னை மாநகராட்சி என்றால் 1913, மாவட்டத்துக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இவற்றைக் காகிதத்தில் எழுதி, பக்கத்தில் உங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் கம்பத்தின் எண்ணையும் எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்தால் போன் அணையும்போது அதுவும் போகும். பகுதி சபைக் கூட்டம் நடந்தால் போங்கள். போய் 'மழைக்கு என்ன நடவடிக்கை' என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அதற்குப் பதில் தயாராக இருக்கும். 'எங்கள் தெருவுக்கு எந்தக் கலங்கல், அதன் ஷட்டரைத் திறப்பவர் யார், அவர் வராவிட்டால் அடுத்து யார்' என்று கேளுங்கள்.

எங்களுக்கே அந்தக் கடைசிக் கேள்விக்கு வருடா வருடம் பதில் மாறுகிறது. பணியிட மாறுதல், ஓய்வு, புது எண் என்று ஏதாவது வந்துவிடும். அதனால் ஜனவரியில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை பட்டியலில் உள்ள எல்லா எண்ணையும் கூப்பிட்டுப் பார்ப்போம். இந்த முறை கூப்பிட்டதில் ஒரு எண் இப்போது இல்லை என்று வந்தது. அது எங்கள் எல்லைக்கு வெளியே, தண்ணீர் வரும் பக்கம் இருக்கும் ஊராட்சியில் ஏரி ஷட்டரைத் திறப்பவருடையது. அவர்கள் வேறு மாவட்டம், கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வர நாளாகும். திங்கட்கிழமை பஸ் பிடித்து நேரில் போய்ப் புது எண்ணை வாங்கிவரலாம் என்று இருக்கிறேன்.